நோயில்லாதவர் பட்டியலில் நான்

"குடும்பத்தில் யாருக்காவது இனிப்பு நீர் இருக்கோ?" என்று டாக்டர் கேட்டபோது என் கட்டிலைச் சுற்றி அம்மா இருந்தார், தங்கை கவிதா இருந்தாள், என்னோடு வேலை செய்யும் தாதி பவானி அக்கா இருந்தார். பக்கத்துக் கட்டிலில் லியோங் அங்கிள் இருந்தார். அப்பா இல்லை.

"எங்க பக்கத்துல யாருக்கும் இல்ல டாக்டர். இவங்கப்பா பக்கத்துலயும் இல்ல," என்றார் அம்மா.

நானும் தலையாட்டினேன். மூன்று மாதங்களுக்கு முன் இதே பதிலை ஒரு படிவத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டவன் நான். அந்தப் படிவத்திலிருந்து தொடங்கினால்தான் மற்றது புரியும்.

நான் ஒரு பல்கலைக்கழக ஆய்வில் கள உதவியாளன். பழைய ரப்பர் தோட்டங்களிலிருந்து வெளியேறி ஈப்போவைச் சுற்றிக் குடியேறிய குடும்பங்களை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதுதான் என் வேலை. ஒரே சந்தில், ஒரே மாதிரிச் சோறும் குழம்பும் சாப்பிடும் இரண்டு வீடுகளில் ஒரு வீட்டுக்காரர்களுக்கு மட்டும் உடல் ஏன் பருக்கிறது, இனிப்பு நீர் என்கிற நீரிழிவு ஏன் வருகிறது? அதில் பிறப்போடு வந்த மரபணுவின் பங்கு எவ்வளவு, வாழும் முறையின் பங்கு எவ்வளவு? இதைப் பிரித்துப் பார்க்கத்தான் ஆய்வு. நான் எடை பார்ப்பேன், இடுப்பு அளப்பேன், தேநீருக்கு எத்தனை கரண்டி சீனி என்று கேட்பேன். பவானி அக்கா ரத்தம் எடுப்பார்.

நோய் உள்ளவர்களோடு ஒப்பிட நோயில்லாதவர்களும் வேண்டும். அந்தப் பக்கம் ஆள் குறைந்தபோது மேற்பார்வையாளர் எங்களையே ரத்தம் கொடுக்கச் சொன்னார். எனக்கு இருபத்தேழு வயது, ஒல்லி உடம்பு. 'தாய், தந்தை, உடன்பிறந்தோரில் யாருக்கேனும் நீரிழிவு உண்டா?' என்ற கேள்விக்கு நேரே 'இல்லை' என்று எழுதினேன். என் ரத்தம் பெயரில்லாமல் வெறும் எண்ணாக உறைபெட்டிக்குள் போனது. எல்லாருடையதையும் சேர்த்து வருட முடிவில்தான் சோதிப்பார்கள்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் சட்டென்று கையை நீட்ட மாட்டார்கள். "ரத்தத்த எடுத்து வித்துருவிங்களா தம்பி?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள், சிரிப்புக்குள் பயம் இருக்கும். அதனால் முதலில் என் விரலைக் குத்திக் காட்டுவேன். ஒரு சொட்டை எடுத்துக் கருவியில் வைத்து, "பாத்திங்களா, எறும்பு கடிச்ச மாதிரிதான்," என்பேன். அதற்குப் பிறகு கை நீளும்.

இன்னொரு வழக்கம் எங்கள் மக்களுடையது. வீட்டுக்குள் வந்தவனைத் தேநீர் இல்லாமல் அனுப்ப மாட்டார்கள். சீனி கலந்த டின் பால் ஊற்றிய தேநீர், மைலோ, வடை, பிஸ்கட். வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும். "நம்ம வீட்ல சாப்புட மாட்டாரு, படிச்சவரு," என்று பேச்சு வரும். ஒரு நாளைக்கு ஆறு வீடு. ஆறு வீட்டிலும் குடித்தேன்.

அதனால் எட்டுக்குள் நிற்க வேண்டிய என் ரத்தச் சீனி எண் ஒன்பது என்று காட்டிய நாளில் நான் பயப்படவில்லை. இப்போதுதானே டின் பால் குடித்தோம் என்று நினைத்தேன். பதினொன்று என்றபோதும் அப்படித்தான். பதின்மூன்று வந்தபோது கருவியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன், மற்றவர்கள் பார்க்காதபடி. வெறும் வயிற்றில் ஒருமுறை சோதித்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். ஊருக்கெல்லாம் "காலாங்கால வெறும் வயித்துல வாங்க" என்று சொன்னவன் ஒரு காலையில்கூட அதைச் செய்யவில்லை. அதற்குப் பிறகும் பயமில்லாமல் இருந்தேன் என்று இப்போது சொன்னால் அது பொய். தண்ணீர்த் தாகம் எடுத்தது. சிறுநீருக்கு அடிக்கடி எழுந்தேன். கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. "வெயில்ல அலையிறல்ல, அதான்," என்று அம்மா சோற்றைக் கூடப் போட்டார். தொடையின் உள்பக்கம் ஒரு கட்டி வந்து மோட்டார் சைக்கிளில் உட்காரவே வலித்தது. அதையும் வெயில் கட்டி என்றேன்.

என்னை நிறுத்தியவர் சிலிபின் அடுக்குமாடி வீடுகளில் நான்காம் மாடியில் இருக்கும் மல்லிகா அக்கா. போன தடவை அவருக்கு எட்டு புள்ளி இரண்டு என்று சொல்லி, சீனியைக் குறைக்கச் சொல்லி, பத்து நிமிடம் பாடம் நடத்திவிட்டு வந்திருந்தேன். இந்தத் தடவை நான் விரலைக் குத்தியதும் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக் கருவியைத் தன் பக்கம் திருப்பினார்.

"தம்பி, இதுல இருவத்தி நாலுனு காட்டுது."

"மிசின் கொஞ்சம் சரியில்ல அக்கா."

"என் எட்டுக்கு மட்டும் மிசின் நல்லாருந்துச்சா? ஒங்க இருவத்தி நாலுக்குக் கெட்டுப்போச்சா?" என்றவர் என் நெற்றியில் கை வைத்தார். "ஐயோ, காச்சல் கொதிக்குதுலா. பவானி, ஒங்க ஆளத் தூக்கிட்டுப் போம்மா. இல்லாட்டி நான் ரத்தம் குடுக்க மாட்டேன்."

நான்கு மாடி இறங்குவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். பவானி அக்கா காரை ஓட்டிக்கொண்டே, "எத்தன நாளா மறைச்ச?" என்று ஒரே ஒரு முறை கேட்டார்.

அவசரப் பிரிவில் மூன்று மணி நேரம் நாற்காலியில் இருந்தேன். எண் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்றேன். என் எண் இல்லை. பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கையில் சொட்டு மருந்துக் குழாய். சிறுநீரில் கீட்டோன் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இன்சுலின் போதாமல் உடம்பு சீனியை எரிக்க முடியாதபோது கொழுப்பை எரிக்கும். அந்தப் புகை மாதிரிதான் கீட்டோன். அது ஏறினால் ரத்தம் அமிலமாகி உயிருக்கே ஆபத்து. எனக்குக் கொஞ்சம்தான் இருந்தது. தொடைக் கட்டியைக் கீறி விட்டார்கள். உள்ளே இருந்ததைப் பார்க்காதே என்று சொன்னார்கள், பார்த்துவிட்டேன்.

மறுநாள் இன்னொரு முடிவு வந்தது. கடந்த மூன்று மாத ரத்தச் சீனியின் சராசரியைக் காட்டும் சோதனை அது. ஒரு நாள் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாது என்று நானே நூற்றுக்கணக்கானவர்களுக்கு விளக்கியிருக்கிறேன். என் எண்ணை டாக்டர் சொன்னபோது, விளக்கம் வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

டாக்டர் சிவகௌரியின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. எங்களோடு தமிழிலேயே பேசினார். "உங்கட வயசுக்கும் உடம்புக்கும் இது வழக்கமான வகை மாதிரித் தெரியேல்ல," என்றார். இரண்டு சோதனைக்கு ரத்தம் எடுத்தார். ஒன்று, உடம்பின் காவல் படையே இன்சுலின் சுரக்கும் கணையத்தைத் தாக்கி அழிக்கிறதா என்பதைக் காட்டும். மற்றது, கணையம் இன்னும் சுரக்கிறதா, அடங்கிவிட்டதா என்பதைக் காட்டும். அது அடங்கியிருந்தால் சாகும் வரை ஊசிதான்.

அதுவரை சாப்பாட்டுக்கு முன் மூன்று ஊசி, படுக்கும்போது ஒன்று. வயிற்றுச் சதையைக் கிள்ளிக் குத்த வேண்டும். என் வயிற்றில் கிள்ளச் சதை இல்லை. முதல் ஊசியை, மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் வார்டுத் தாதி போட்டபோது அம்மா வெளியே போய்விட்டார். திரும்பி வந்து, "வலிச்சுச்சா?" என்றார். "எறும்பு கடிச்ச மாதிரிதான்மா," என்றேன். என் வாயிலிருந்தே அந்தப் பொய் எனக்குக் கேட்டது.

இரவுகளில் தூக்கம் வராது. வேலை போய்விடுமா, எந்த வீட்டில் பெண் கொடுப்பார்கள், கண் போய்விடுமா, சிறுநீரகம் போய்விடுமா? படித்ததெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். அக்கம் பக்கத்தில் என்னை 'டாக்டரு' என்றுதான் கூப்பிடுவார்கள். மாத்திரை அட்டைகளைக் காட்டி எதற்கு என்று கேட்பார்கள். படிப்பு எனக்குத் தந்ததெல்லாம், என்னென்ன கெட்டுப்போகலாம் என்ற முழுப் பட்டியல்.

லியோங் அங்கிள் மட்டும் என் எண்ணை மகிழ்ச்சியோடு கேட்பார். அவர் தோட்டத்துப் பக்கம் மளிகைக் கடையில் வளர்ந்தவர். தமிழ் தண்ணீர் மாதிரி வரும்.

"தம்பி, இன்னிக்கி எவ்ளோ?"

"பதினேழு புள்ளி நாலு, அங்கிள்."

"ஒன்னு ஏழு நாலு. கட்டில் நம்பர் ரெண்டு. நாலு நம்பரு கெடச்சிருச்சு. அடிச்சா ஒனக்குப் பாதி லா."

"அடிக்கலனா?"

"ஒன் சீனி சரியில்லனு அர்த்தம்."

கவிதா அவருக்காக வெளியே போய் அந்த நாலு இலக்க எண்ணில் லாட்டரிச் சீட்டு வாங்கி வந்தாள். அடிக்கவில்லை.

மூன்றாம் நாள் முடிவுகள் வந்தன. காவல் படை கணையத்தைத் தாக்கவில்லை. கணையம் இன்னும் சுரக்கிறது. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒல்லியான இளம் ஆட்களுக்கு வாற இன்னொரு வகை இருக்கு. பல மரபணுக்களும் பழக்கமும் சேர்ந்து வாறதில்ல இது. ஒரேயொரு மரபணுவில பிழை. அப்பாவிட்டயோ அம்மாவிட்டயோ இருந்து பிள்ளைக்கு நேரா வரும். அதுவெண்டா ஊசி தேவைப்படாமலே போகலாம். ஒரு சின்ன மாத்திரைக்கே நல்லாக் கேட்கும். ஆனா உங்கட வீட்டில ஒருத்தருக்கும் இல்லையெண்டு சொல்றியள். அப்பாவைச் சோதிச்சதே இல்லையோ?"

அம்மாவுக்கு அங்கேயே விரலில் குத்திப் பார்த்தார்கள். சரியாக இருந்தது. கவிதாவுக்கும் சரி. அப்பாதான் பாக்கி.

அப்பா லோரி ஓட்டுநர். ஈப்போவிலிருந்து ஜோகூர் வரை, சில நாள் கமுந்திங் தொழிற்பேட்டைக்கு. நான் ஆய்வு வேலையில் சேர்ந்த அன்றே, "ஊரெல்லாம் போய் ரத்தம் எடு. நம்ம வீட்டுப் பக்கம் வந்துராத," என்று சொல்லிவிட்டார். நான் அதைப் பழைய ஆட்களின் பயம் என்று எடுத்துக்கொண்டேன். மூன்று நாளாக ஆஸ்பத்திரிக்கும் வரவில்லை. லோரி ஜோகூரில் நிற்கிறது என்று அம்மா சொன்னார்.

போன் போட்டேன். "அப்பா, ஒரு சொட்டு ரத்தம் போதும்பா."

"என் ரத்தத்துல என்னா இருக்கு? டீசல்தான் இருக்கு."

"வெளையாட்டு இல்லப்பா. அத வச்சுத்தான் எனக்கு ஊசியா மாத்திரையானு பாப்பாங்க."

"ஜோகூர்ல இருக்கேன்லா. சாமான் இன்னும் எறக்கல. நீ ஒழுங்கா சாப்புடு."

அப்போது வார்டு ஜன்னல் வழியாகப் பக்கத்துப் பள்ளிவாசலின் தொழுகை அழைப்பு கேட்டது. போனுக்குள்ளும் அதே குரல், அதே நொடியில், அதே இழுப்போடு கேட்டது. அப்பா சட்டென்று போனை வைத்துவிட்டார். சொட்டு மருந்துக் கம்பத்தை உருட்டிக்கொண்டு ஜன்னல் வரைக்கும் போனேன். கார் நிறுத்தும் இடத்தில் ஒரு மரத்தடியில் அப்பாவின் மோட்டார் நின்றது. அவர் அதன்மேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையசைக்கலாமா என்று நினைத்தேன். அசைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் போய்விட்டார்.

அன்றிலிருந்து என் பயம் வேறு மாதிரி ஆனது. அவருக்கு ஏதோ தெரியும். தெரிந்தும் ஏன் மாடி ஏறவில்லை?

ஐந்தாம் நாள் மதியம் பார்வையாளர் நேரத்தில் வந்தார், கம்பெனிச் சட்டையோடு. அம்மாவையும் கவிதாவையும் பார்த்து, "கேண்டின்ல எனக்கு ஒரு கோப்பி வாங்கிட்டு வாங்க. சீனி போடாம," என்றார். அம்மா அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

மிஸ்ஸி வந்து மதிய ஊசியைப் போட்டார். அப்பா முகத்தைத் திருப்பவில்லை; முழுதாகப் பார்த்தார். மிஸ்ஸி போனதும், லோரி ஓட்டும் லெசென் வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் விரலை விட்டு ஒரு மாத்திரை அட்டையை எடுத்து என் போர்வை மேல் வைத்தார். எல்லா மாத்திரையும் பாதியாக உடைக்கப்பட்டு, உடைத்த பாதிகள் தாளில் மடித்து அட்டையோடு ரப்பர் வளையத்தில் சுற்றியிருந்தன.

"எட்டு வருசம்," என்றார்.

நான் ரப்பர் வளையத்தைக் கழற்றினேன்.

"கமுந்திங்ல ஒரு கிளினிக்கு. அங்க யாருக்கும் நம்மளத் தெரியாது. கம்பெனிக்குத் தெரிஞ்சா லோங் டிரிப் தர மாட்டான். லோங் டிரிப் இல்லாட்டி ஒன் படிப்பு எங்கேருந்து வரும்? அதான் சொல்லல. அப்பறம் சொல்ற நேரமே வரல."

"ஏன் பாதி?"

"முழுசா போட்டா கை நடுங்கும். வேர்த்துக் கொட்டும். ஒரு வாட்டி தாப்பா தாண்டி ஹைவேல கண்ணு இருட்டிருச்சு. லோரிய ஓரங்கட்டிட்டு ரொட்டி தின்னேன். அன்னையிலேர்ந்து பாதிதான். பாதியே எனக்குப் போதும்லா."

"அம்மாவுக்கு?"

"தெரியாது. இப்ப கோப்பிக்குச் சீனி வேணாம்னேன்ல, தெரிஞ்சிருக்கும்."

டாக்டர் சுற்று வந்தபோது அட்டையை அவரிடம் கொடுத்து, அப்பா சொன்னதைச் சொன்னேன். மாத்திரையின் பெயரையும் அளவையும் படித்தார். அளவைத் திரும்பவும் படித்தார். "இதில பாதியோ? எட்டு வருசமாப் பாதியிலயே சீனி கட்டுக்குள்ள நிக்குதோ?" என்றார். கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை அது. சாதாரண இனிப்பு நீர்க்காரர்களுக்கு வருடம் போகப் போக அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். அந்த ஒற்றை மரபணுப் பிழை உள்ளவர்களுக்கோ சிட்டிகை அளவே போதும். கொஞ்சம் கூடினாலும் சீனி தடாலென்று இறங்கிவிடும். அப்பா ஹைவேயில் நடுங்கிய கதைதான் எனக்கான முதல் துப்பு.

"ஐயா, உங்கட அப்பாவுக்கு?" என்று டாக்டர் அப்பாவைக் கேட்டார்.

"தோட்டத்துல நாப்பத்தி மூணு வயசுல செத்தாரு. தண்ணி தண்ணினு கேட்டுக்கிட்டே. காச்சல்னு எழுதுனாங்க."

டாக்டர் ஒரு படிவத்தை எடுத்தார். மரபணுச் சோதனைக்கு அப்பா, மகன், மகள் மூவரின் ரத்தமும் வெளிநாட்டுக்குப் போக வேண்டும். அப்பாவின் பெயர், அடையாள அட்டை எண், நோய் விவரம் எல்லாம் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் ஏறும்.

அப்பா மெதுவாகக் கேட்டார். "இது லெசென் ஆபீசுக்குப் போகுமா டாக்டர்?"

"நான் அனுப்ப மாட்டன். ஆனா அடுத்த முறை லைசென்சுக்கு மருத்துவச் சோதனைக்குப் போகேக்க, ஏதும் நோய் வருத்தம் இருக்கோ எண்டு கேட்பினம். பொய் சொல்லுங்கோ எண்டு நான் சொல்லேலாது. அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு பெரிய வண்டி ஓட்டுறது மற்றாக்களுக்கும் ஆபத்து."

அப்பாவின் அடுத்த சோதனைக்கு இரண்டு மாதம் இருந்தது. "அப்பா, யோசிச்சு சொல்லலாம். அவசரம் இல்ல," என்றேன். அவசரம் இருந்தது, எனக்குத்தான் இருந்தது. நான்கு வேளை ஊசி ஒவ்வொரு நாளும் அதைச் சொல்லியது. ஆனாலும் அவர் மறுத்துவிட்டால் ஒருவகையில் நிம்மதியாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் சம்பளத்தை என் உடம்புக்காகப் பிடுங்கியவனாக நான் ஆக வேண்டாமே.

லியோங் அங்கிள் நாளிதழைத் தாழ்த்திவிட்டு, "அண்ணே, லோரி வேற கெடைக்கும் லா," என்றார்.

"ஒனக்கென்னாப்பா, நம்பர் எடுத்துக்கிட்டுப் படுத்துருக்க," என்ற அப்பா சட்டைக் கையை மடித்தார். நரம்பு கிடைக்க இரண்டு தடவை குத்த வேண்டியிருந்தது. இரண்டாவது தடவையில் என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். ரத்தம் குழாயில் ஏறுவதைப் பார்த்து, "டீசல் இல்லதான்," என்றார். அம்மா கோப்பியோடு திரும்பி வந்து, நடந்ததைக் கேட்டு, அவர் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டார். பிறகு அந்த அடித்த இடத்திலேயே கையை வைத்துக்கொண்டு விசிட்டிங் நேரம் முடியும் வரை நின்றார்.

ஏழாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். சோதனை முடிவு வரப் பதினோரு வாரம் ஆனது. அத்தனை வாரமும் ஊசி, அத்தனை வாரமும் சந்தேகம்: பிழை இல்லை என்று வந்துவிட்டால் அப்பா சும்மா பலியானவர் ஆவாரே. முடிவு வருவதற்கு முன்பே அவருடைய மருத்துவச் சோதனை நாள் வந்தது. அவர் போய், இனிப்பு நீர் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

முடிவு: அப்பாவுக்கும் எனக்கும் ஒரே மரபணுவில் ஒரே பிழை. கவிதாவுக்கு இல்லை. டாக்டர் என் ஊசிகளை ஒவ்வொன்றாகக் குறைத்தார். ஒரு மாதத்தில் மாத்திரை மட்டும் மிஞ்சியது. என் சீனி இப்போது கட்டுக்குள் இருக்கிறது.

ஆய்வு அலுவலகத்துக்குப் போய் என் படிவத்தைக் கேட்டு வாங்கினேன். 'இல்லை'யை ஒற்றைக் கோடால் அடித்து, 'ஆம், தந்தை' என்று எழுதி, தேதி போட்டேன். நோயில்லாதவர் வரிசையிலிருந்து என் எண்ணை எடுத்துவிட்டார்கள். படிவப் பெட்டியில், மற்றவர்கள் சொல்லி நான் எழுதிய இன்னும் எத்தனையோ 'இல்லை' இருக்கின்றன. எத்தனை லெசென் உறைகளுக்குள் மாத்திரை அட்டை இருக்கிறதோ தெரியாது. இப்போது நான் நேராக அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. வீட்டில் யாராவது இளம் வயதில் தாகத்தோடு இறந்தார்களா, புண் ஆறாமல் கிடந்தார்களா என்று கேட்கிறேன். தெரிந்தால் வேலை போகும் என்று யாருக்காவது பயம் இருக்கிறதா என்றும் கேட்கிறேன். பதில் உடனே வராது. தேநீர் வரும். சீனி இல்லாமல் வாங்கிக் குடித்துக்கொண்டு காத்திருப்பேன்.

எவ்வளவு செலவானது என்று கேட்பவர்களுக்கு: ஏழு நாள் வார்டுக் கட்டணமும் மருந்தும் நாற்பத்தேழு ரிங்கிட். மரபணுச் சோதனைக்கு இரண்டாயிரத்து நூற்றைம்பது. அம்மாவின் சீட்டுப் பணம் டிசம்பரில்தான் வர வேண்டியது, பக்கத்து வீட்டு அக்கா தன் முறையை விட்டுக்கொடுத்தார். கம்பெனி அப்பாவை லோரியிலிருந்து இறக்கிக் கிடங்கில் சாமான் சரிபார்க்கும் வேலைக்குப் போட்டது. லோங் டிரிப் படி இல்லை. மாதம் எழுநூறு குறைவு. அவருக்கு வயது ஐம்பத்துநாலு, அறுபதில் ஓய்வு. "அதெல்லாம் கூட்டிப் பாக்காத," என்றார். கூட்டிப் பார்த்தேன். ஆறு வருடத்துக்கு ஐம்பதாயிரத்து நானூறு ரிங்கிட்.